லோகோ இல்லாத கார்

பிரவுசரில் ஒரு டேப் திறக்கிறது. கீழே பட்டை ஒன்று மெல்ல நிரம்புகிறது. நடுவில் ஒரு விளம்பரம் வந்து போகிறது. பிறகு வெட்டவெளியில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. சாய்ந்த முகப்பைப் பார்த்தால் இத்தாலிக்காரர்கள் செய்தது என்று சத்தியமே பண்ணலாம். ஆனால் பானெட்டில் காளையும் இல்லை, குதிரையும் இல்லை. கண்ணாடிகள் முழுக்கக் கறுப்பு, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் பறக்கும். சுவரில் விட்டால் முகம் உள்ளே போகும். 'ஆர்' விசையைத் தட்டினால் அடுத்த நொடி ஒரு கீறல் இல்லாமல் மறுபடி நிற்கும்.

காசு கேட்காத, இன்ஸ்டால் பண்ணச் சொல்லாத இந்த விளையாட்டு ஆயிரம் பெயர்களில் இணையம் முழுக்கக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆபீஸில் மேலாளர் எழுந்து போனதும் பெரியவர்களும் ஆடுகிறார்கள். உருப்படாத விளையாட்டு என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம்தான். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடி, காணாமல்போன லோகோ, அந்த 'ஆர்' விசை எல்லாவற்றுக்கும் பின்னால் ஐம்பது வருடப் பஞ்சாயத்து இருக்கிறது.

மோதலைக் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும் ஆசை காருக்கும் முந்தியது. 1896 செப்டம்பரில் டெக்சாஸில் ஒரு ரயில்வே கம்பெனி, இரண்டு பழைய நீராவி என்ஜின்களை எதிரெதிரே முழு வேகத்தில் ஓடவிட்டு மோதவைத்தது. பார்க்க வந்தவர்கள் சுமார் 40,000 பேர். கொதிகலன்கள் வெடித்து இரும்புத் துண்டுகள் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் குறைந்தது இரண்டு பேர் இறந்தார்கள். ஏற்பாடு செய்தவர் வில்லியம் க்ரஷ். க்ரஷ் என்றால் நசுக்குவது. இதைக் கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதற்கு அறுபது வருடம் கழித்து, 1950-களில், ஓட்டை உடைசல் கார்களை மைதானத்தில் விட்டு இடித்துக்கொள்ளும் 'டெமாலிஷன் டெர்பி' அமெரிக்கச் சந்தைத் திருவிழாக்களில் பரவியது. 1958-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் இஸ்லிப் மைதானத்தில் அது முறையான காட்சியாகவே நடந்தது. விதி எளிது: கடைசிவரை எந்தக் கார் நகர்கிறதோ அதற்குப் பரிசு. கண்ணாடிகளை முன்பே கழற்றிவிட வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவில் இடிக்கக் கூடாது. நம்மூர்ப் பொருட்காட்சியில் டேஷிங் காரில் ஏறி எதிரில் வருபவரைப் பார்த்துக் குறிவைத்தவர்களுக்கு இந்தச் சந்தோஷத்தை விளக்க வேண்டியதில்லை.

திரைக்குள் கார் வந்தபோது மட்டும் இந்தச் சந்தோஷத்துக்கு இடமில்லை. 1974-இல் அட்டாரி நிறுவனம் 'கிரான் டிராக் 10' என்ற ஆர்கேட் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. நிஜமான ஸ்டீயரிங், கியர், ஆக்சிலரேட்டர், பிரேக். உள்ளே பிராசசர் என்று ஒன்றே கிடையாது. லாஜிக் சிப்புகளைக் கோர்த்து, காரின் படத்தை டயோடு வரிசைகளில் பதித்துவைத்திருந்தார்கள். கணக்கில் யாரோ கோட்டைவிட்டதில், செய்வதற்கு 1,095 டாலர் பிடித்த இயந்திரத்தை 995 டாலருக்கு விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதே வருடம் ஜப்பானில் டைட்டோவின் 'ஸ்பீட் ரேஸ்' வந்தது. செய்தவர் டோமோஹிரோ நிஷிகாடோ, நான்கு வருடம் கழித்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்த அதே மனிதர். 1976-இல் அட்டாரியின் 'நைட் டிரைவர்'. அதில் இருட்டில் விரையும் வெள்ளைக் கம்பங்கள் மட்டும்தான் திரையில் நகரும். நீங்கள் ஓட்டும் கார், திரையின் அடிப்பக்கம் வைத்த வெறும் பிளாஸ்டிக் படம்.

இந்த இயந்திரங்களில் மோதல் என்றால் தண்டனை. நேரம் போகும், நேரம் போனால் காசு போகும். 1982-இல் நாம்கோவின் 'போல் பொசிஷன்' இன்னும் கொஞ்சம் அழகாக, வண்ணத்தில், விளம்பரப் பலகையில் இடித்ததும் காரை வெடிக்கவைத்தது. அப்போதும் அது ஆட்டக்காரர் விரும்பிச் செய்கிற காரியம் இல்லை.

இதிலிருந்து விலகி முதலில் கைவைத்தவர்கள் கலிபோர்னியாவின் எக்ஸிடி என்ற சின்னக் கம்பெனிக்காரர்கள். 1975-இல் அவர்கள் செய்த 'டிஸ்ட்ரக்ஷன் டெர்பி'யில் மற்றக் கார்களை இடிப்பதுதான் ஆட்டமே. அதை சிகாகோ காயின் என்ற பெரிய கம்பெனிக்கு உரிமத்தில் கொடுத்தார்கள். ராயல்டி ஒழுங்காக வந்துசேரவில்லை. கொடுத்த ஆட்டத்தைத் தாங்களே விற்கவும் முடியாது. என்ன செய்வது? ஹவல் ஐவி என்ற என்ஜினியர் அதே சர்க்யூட்டில் கார்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குச்சிக் கைகால் கொண்ட உருவங்களை ஓடவிட்டார். இடித்தால் ஒரு கீச்சொலி; விழுந்த இடத்தில் சிலுவை முளைக்கும். பெயர் 'டெத் ரேஸ்'. ஆண்டு 1976.

அவை மனிதர்கள் இல்லை, 'கிரெம்லின்' என்ற பூதங்கள் என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. கல்லறை மேல் சிலுவையை வரைந்துவிட்டு அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? விபத்துத் தடுப்புக்கான 'நேஷனல் சேஃப்டி கவுன்சில்' கண்டித்தது, செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சி பேசியது. வீடியோ விளையாட்டில் வன்முறை என்று அமெரிக்கா கொதித்த முதல் பெரிய சம்பவம் அதுதான். கொதித்ததில் இயந்திரம் கூடுதலாக விற்றது என்பது வேறு விஷயம். எனக்கு இதில் பிடித்த இடம், தொடக்கத்தில் யாருக்கும் கெட்ட எண்ணமே இல்லை என்பது. வரவேண்டிய ராயல்டிப் பாக்கியிலிருந்து பிறந்த விபரீதம் அது.

அந்தச் சூடு ஆறவேயில்லை. 1997-இல் பிரிட்டனின் ஐல் ஆஃப் வைட் தீவிலிருந்து ஸ்டெயின்லெஸ் கம்பெனியின் 'கார்மகெடன்' வந்தபோது, அங்கே தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. நடந்துபோகும் மனிதர்களுக்குப் பதிலாகப் பச்சை ரத்தம் சிந்தும் ஜோம்பிகளைப் போட்டு வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ரோபோக்கள். மேல்முறையீட்டில் ஜெயித்து அசல் வடிவம் பிறகு வந்தது. ஆனால் தொழிலில் இருந்த பலர் பாடம் கற்றுக்கொண்டார்கள்: இரும்பை எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்கு, ஆளைக் காட்டாதே. 2008-இன் 'பர்னவுட் பாரடைஸ்' ஒரு முழு நகரத்தைக் கட்டிவைத்தது. நடைபாதையில் ஆளில்லை, கார்களின் ஓட்டுநர் இருக்கையிலும் ஆளில்லை. இலவச விளையாட்டின் கறுப்புக் கண்ணாடி அந்த வழியில் வந்ததுதான். ஆளை வரைந்து அசைக்கும் செலவும் மிச்சம்.

இதற்கெல்லாம் முன்பே மோதலைக் காட்சியாக மாற்றியிருந்தது 1989-இல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட 'ஹார்ட் டிரைவின்'. சாவி போட்டுத் திருப்பிக் கிளப்பும் இயந்திரம் அது, ஸ்டீயரிங் கையில் முரண்டு பிடிக்கும். முப்பரிமாண உலகம், நடுவில் ஒரு முழு வட்டச் சாலை. அதில் ஏறி வேகம் போதாமல் தலைகீழாக விழுந்தால், ஆட்டம் நின்று அதே விபத்தை வெளியிலிருந்து, உயரத்திலிருந்து திரும்பக் காட்டும். ஆட்டக்காரர் தோற்ற நிமிடத்தைப் படமெடுத்துப் போட்டுக் காட்டும் துணிச்சல்! கூட நின்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள் என்றால் ஆச்சரியமில்லை. அங்கிருந்து தண்டனைக்கும் பரிசுக்கும் இடையிலிருந்த கோடு அழிய ஆரம்பித்தது.

1995-இல் நியூகாசில் பக்கத்து ரிஃப்ளெக்ஷன்ஸ் குழு பிளேஸ்டேஷனுக்காக இன்னொரு 'டிஸ்ட்ரக்ஷன் டெர்பி' செய்தது. பழையதற்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. எதிராளியின் காரை இடித்து எவ்வளவு சுற்றவைக்கிறோமோ அவ்வளவு புள்ளி. ரேடியேட்டர் அடிபட்டால் வண்டி சூடாகும், பக்கம் அடிபட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். 2002-இல் கிரைட்டீரியனின் 'பர்னவுட் 2' இன்னும் ஒரு படி போனது. நாற்சந்தியில் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் குறிபார்த்துப் பாய்ந்து, எத்தனை வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினீர்கள் என்று டாலர் கணக்கில் சேதத்தைக் கூட்டிச் சொல்லும். யார் முதலில் வந்தது என்ற பேச்சே இல்லை.

'பர்னவுட்'டின் கார்களுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது. எல்லாம் கற்பனைக் கார்கள். அதே காலத்தில் 1997 முதல் வந்துகொண்டிருந்த 'கிரான் டூரிஸ்மோ'வில் நூற்றுக்கணக்கான நிஜக் கார்கள், பெயரோடும் லோகோவோடும். ஆனால் 2010-இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை அவற்றை எந்தச் சுவரில் எந்த வேகத்தில் அடித்தாலும் பெயின்ட்கூடப் போகாது. கார்க் கம்பெனிக்கு ஆட்டம் ஒரு விளம்பரம். லட்சக்கணக்கில் விலை வைத்த தன் வண்டி அப்பளமாக நொறுங்குவதை வாடிக்கையாளர் வீட்டு வரவேற்பறையில் காட்ட எந்தக் கம்பெனி சம்மதிக்கும்? லோகோ வேண்டுமானால் கார் நொறுங்காது, நொறுங்க வேண்டுமானால் லோகோ கிடைக்காது. பல வருடங்கள் இந்தப் பேரம்தான் நடந்தது. உரிமம் வாங்க ஒரு பைசா இல்லாதவர்களுக்கு அதில் ஒரு லாபம்: அவர்களை யாரும் தடுக்க முடியாது.

அந்தப் பைசா இல்லாதவர்கள் குடியேறிய இடம் பிரவுசர். 1996-இல் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ்' என்று பிறந்து, மேக்ரோமீடியா வாங்கி 'ஃப்ளாஷ்' ஆன மென்பொருள், ஒரு ஆள் தன் அறையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்து உலகத்துக்கே அனுப்பலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது. நியூகிரவுண்ட்ஸ், 2001-இல் தொடங்கிய மினிகிளிப் போன்ற தளங்கள் அப்படி வந்த விளையாட்டுகளைச் சேர்த்துவைத்தன. தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் மணிக்குக் காசு கட்டி உட்கார்ந்த பையன்களுக்கு மினிகிளிப் என்ற பெயர் நன்றாக நினைவிருக்கும். 256 கேபிபிஎஸ் இணைப்பில் ஐந்து எம்பி விளையாட்டு இறங்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் கட்டிய காசில்தான் கழியும். அதனால் சின்ன விளையாட்டே ஜெயித்தது. மேலிருந்து பார்க்கும் தட்டைக் கார்கள், பக்கவாட்டில் மேடு தாண்டும் ஜீப்புகள். பிறகு எரின் காட்டோ எழுதி இலவசமாகக் கொடுத்த 'பாக்ஸ்2டி' என்ற இயற்பியல் நிரல் ஃப்ளாஷுக்கும் மாற்றப்பட்டதும் தட்டைக் கார்களுக்கு எடை வந்தது. கவிழ்ந்தால் கவிழ்ந்தபடி உருண்டன. 2010-இல் அதை வைத்துச் செய்த 'ஹேப்பி வீல்ஸ்' ஆளைக் காட்டாதே என்ற பழைய பாடத்தை முழுக்க மறந்தது. அதன் சக்கர நாற்காலிக்காரருக்கு நேர்ந்ததை இங்கே எழுத வேண்டாம்.

முப்பரிமாணம் வேண்டியவர்களுக்கு, விளையாட்டு செய்யும் என்ஜினைக் கொடுக்கும் யூனிட்டி கம்பெனியின் வெப் பிளேயர் என்ற பிளகின் இருந்தது. ஆட்டக்காரர் ஒருமுறை அதை பிரவுசரில் போட்டுக்கொண்டால் போதும், டேப்புக்குள் உண்மையான முப்பரிமாணக் கார் ஓடும். ஸ்டன்ட் கார், டிரிஃப்ட் கார் வகையறாக்கள் எல்லாம் அங்கே வளர்ந்தவை.

பிறகு தரை நழுவியது, இரண்டு முறை. பிளகின்கள் பாதுகாப்புக்கு ஓட்டை என்று சொல்லி, குரோம் 2015 செப்டம்பரில் அந்தப் பழைய வழியை அடைத்தது. யூனிட்டி வெப் பிளேயர் விளையாட்டுகள் ஒரே அப்டேட்டில் வெற்றுப் பெட்டிகள் ஆயின. ஃப்ளாஷுக்கு எதிராக ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இலேயே கடிதம் எழுதியிருந்தார். ஃப்ளாஷைப் பிறகு கையில் வைத்திருந்த அடோபி 2017-இல் அதன் முடிவை அறிவித்து, 2020 டிசம்பர் 31-இல் கைகழுவி, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே இயங்க மறுக்கும்படி செய்தது. விளையாட்டைச் செய்த பலர் படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்; மூலக் கோப்புகள் எந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு போயினவோ. 2018-இல் தொடங்கிய ஃப்ளாஷ்பாயின்ட் என்ற தன்னார்வலர் காப்பகம் கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிச் சேர்த்தது. 'ரஃபிள்' என்ற எமுலேட்டர் அவற்றில் கணிசமானவற்றை இன்றும் ஓட்டுகிறது.

புதுத் தரை அதற்குள் தயாராகியிருந்தது. மோசில்லாவில் விளாடிமிர் வுகிசெவிச் 2006-இல் செய்த சோதனையிலிருந்து வளர்ந்த 'வெப்ஜிஎல்', 2011 மார்ச்சில் தரமாக வெளியானது. பிளகின் இல்லாமலே பிரவுசர் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசலாம். அலோன் ஸகாய் உருவாக்கிய 'எம்ஸ்கிரிப்டன்', சி++ நிரலை பிரவுசர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தது. 2017-இல் பெரிய பிரவுசர்கள் நான்கும் 'வெப்அசெம்பிளி'யை ஏற்றுக்கொண்டன. எர்வின் குமான்ஸ் எழுதிய 'புல்லட்' என்ற இயற்பியல் என்ஜினுக்கு, ஹாலிவுட் படங்களில் கட்டடங்களை நொறுக்கியதற்காக 2015-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதையும் பிரவுசருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். படத்தில் கட்டடத்தை இடித்த கணக்கு இப்போது டேப்புக்குள் காரை இடிக்கலாம்.

அந்தக் காரை அவிழ்த்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சக்கரம் உருண்டு கார் போவதில்லை. இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலும் கார் என்பது ஒரு பெட்டி. அதன் நான்கு மூலைகளிலிருந்து கீழ்நோக்கி நான்கு கண்ணுக்குத் தெரியாத கோடுகள். கோடு தரையை எவ்வளவு சீக்கிரம் தொடுகிறதோ அவ்வளவு பலமாக ஒரு கற்பனை ஸ்பிரிங் பெட்டியை மேலே தள்ளும். நாம் பார்க்கும் டயர், கோட்டின் முனையில் ஒட்டிவைத்துச் சும்மா சுற்றவிட்ட அலங்காரம். மோதினால் என்ன ஆகும்? இடிபட்ட புள்ளியில் விசை ஓர் அளவைத் தாண்டினால், அதற்கு அருகிலிருக்கும் உருவப் புள்ளிகளை உள்ளே தள்ளிவிடுவார்கள். தூரம் கூடக்கூடத் தள்ளல் குறையும். பம்பரைத் தனித் துண்டாகச் செய்து, இவ்வளவு விசைக்கு மேல் அறுந்து விழு என்று சொல்லிவைத்திருப்பார்கள். நசுங்குவது தோல் மட்டும், பெட்டி அப்படியே இருக்கிறது. 'ஆர்' விசை செய்வதும் அதனால் ஒன்றுமில்லாத வேலை: பெட்டியைப் பழைய இடத்தில் வை, வேகத்தைச் சுழியமாக்கு, தோலை நிமிர்த்து. ஆர்கேடில் ஒரு மோதலுக்கு ஒரு நாணயம் போனது. இங்கே மோதலின் விலை ஒரு விரல் தட்டு.

சில நேரம் சுவரில் மோதிய கார் திடீரென்று வானத்துக்குத் தாவும். பிள்ளைகள் இதற்காகவே ஆடுவார்கள். காரணம் எளிய கணக்கு. யூனிட்டி வழக்கமாக நொடிக்கு 50 முறைதான் இயற்பியலைக் கணக்கிடும். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். ஆக ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே கார் ஒரு மீட்டர் போய்விடும். என்ஜின் விழித்துப் பார்க்கும்போது காரின் மூக்கு சுவருக்குள் ஒரு மீட்டர் வரை புகுந்திருக்கலாம். பதறிப்போய் வெளியே தள்ளும். அந்தப் பதற்றம்தான் வானத்துக்குப் போகிறது.

இதையே ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பிரெமன் நகரத்து பீம்என்ஜி குழு 2013 முதல் வெளியிடும் 'பீம்என்ஜி டிரைவ்'வில் கார் என்பது சில நூறு கணுக்களும் அவற்றை இணைக்கும் சில ஆயிரம் தண்டுகளும். தண்டு வளையும், நீளும், ஒடியும். சேஸிஸ் முறுகினால் சக்கரம் கோணிக்கொண்டு உண்மையாகவே ஓடாது. கணக்கு நொடிக்கு 2,000 முறை. அதே வேகத்தில் ஒரு கணக்குக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் நகர்வு. காசு கொடுத்து வாங்கி, பலமான கம்ப்யூட்டரில் போட்டு ஆட வேண்டும். அந்தக் கார்களுக்கும் நிஜக் கம்பெனிப் பெயர் கிடையாது.

இலவசக் கார்களின் பிறப்பிடம் பெரும்பாலும் ஒரு சந்தை. யூனிட்டியின் அசெட் ஸ்டோரில் கார் உருவம் விலைக்குக் கிடைக்கும், ஓட்டும் நிரலும் தனியாகக் கிடைக்கும். 'ரியலிஸ்டிக் கார் கன்ட்ரோலர்' என்ற ஒரே பொதியை வாங்கிப் பலர் பல விளையாட்டுகள் செய்தார்கள். ஒரே கார் பத்து விளையாட்டுகளில் பத்து நிறங்களில் வருவது அதனால்தான். இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னந்தனியாக ஒருவர் விளையாட்டுச் செய்து பிழைக்க வேண்டுமானால் காரை முதலிலிருந்து செதுக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆட்டம் எங்கே இருக்கிறது என்றால், சரிவை எங்கே வைக்கிறார், சுவரை எங்கே வைக்கிறார் என்பதில் இருக்கிறது.

செய்த விளையாட்டு ஆம்ஸ்டர்டாமின் போகி, பெல்ஜியத்தின் கிரேஸிகேம்ஸ் போன்ற தளங்களுக்குப் போகும். விளம்பர வருமானத்தில் பங்கு வரும். அங்கிருந்து அதன் கள்ளப் பிரதிகள் கிளம்பும். பள்ளி நெட்வொர்க்கில் விளையாட்டுத் தளங்களை அடைத்துவைத்திருப்பார்கள். மாணவர்கள் கூகுள் சைட்ஸில் ஒரு பாடப் பக்கம் மாதிரி உருவாக்கி அதற்குள் காரை நிறுத்துவார்கள். அடைத்தால் மறுநாள் வேறு முகவரி. வேறு முகவரியில் திறந்தால் ஓடாதே என்று செய்தவர் நிரலில் பூட்டு வைத்திருப்பார், நகல் எடுப்பவர் அதைக் கழற்றியிருப்பார். அந்தக் காருக்கு லோகோவும் இல்லை, ஊரும் இல்லை. செய்தவருக்கு விளம்பரப் பங்கு போய்ச்சேராத பயணம் அது.

பீம்என்ஜி மாதிரி வளையும் கார் டேப்புக்குள் எப்போது வரும் என்று கேட்கலாம். நிரல் தயாராகத்தான் இருக்கிறது. பிளேஸ்டேஷனின் 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டில் பயன்பட்ட 'ஜோல்ட்' இயற்பியல் என்ஜினை அதை எழுதிய யோரிட் ரூவே திறந்த மூலமாகக் கொடுத்துவிட்டார். பிரவுசர் வடிவமும் உண்டு, வளையும் பொருள்களையும் அது கணக்கிடும். ஆனால் கணக்கைப் பிராசசரின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால்தான் வேகம். 2018-இல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபின், கோர்கள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் வசதியைப் பிரவுசர்கள் முதலில் அடைத்தன. பிறகு ஒரு நிபந்தனையோடு திறந்தன: உள்ளே வரும் வெளியார் சரக்கு ஒவ்வொன்றும் முறைப்படி அனுமதி காட்ட வேண்டும். விளம்பரச் சரக்கு பல இடங்களிலிருந்து வருவது, பெரும்பாலும் அந்த அனுமதி அதனிடம் இருக்காது. அதனால் இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்னும் ஒரே கோரில் ஓடுகின்றன. விளம்பரத்தை எடுத்துவிட்டால் கார் இன்னும் அழகாக நசுங்கும். செய்தவருக்கு மாதக் கடைசியில் எதுவும் வராது.